கையில் காசில்லாதவர் எதைக் கொடுப்பது?

கேள்வி: என் சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. உதவும் மனம் இருந்தும் பணம் இல்லாதவர் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் நேரத்தைக் கொடுக்கலாம், ஆனால் அது பணத்தைவிட எளிது என்று எண்ணிவிடாதீர்கள். படுக்கையில் இருக்கும் முதியவர் தம் இளமைக் கதையை நான்காம் முறையாகத் தொடங்கும்போது, கைப்பேசியை ஓரக்கண்ணாலும் பார்க்காமல், முதல் முறை கேட்பவரைப் போல "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்குப் பெரும் பொறுமை வேண்டும். பார்வையற்ற மாணவருக்குப் பாடத்தை வாசித்துக் குரல்பதிவு செய்து தருவதும், அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதுவதும் காசு கேட்காத உதவிகளே. (தேர்வில் உங்கள் மேதைமையைக் காட்டிவிடாதீர்கள், அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.) அமெரிக்க வழக்கறிஞர் எட்கர் கான் 1980-இல் உருவாக்கிய, பிறருக்கு உதவிய நேரத்தைக் கணக்கில் சேர்த்து அதே அளவு நேர உதவியைப் பின்னர் பெறும் 'நேர வங்கி' முறையில், தோட்டம் வெட்டியவரின் ஒரு மணி நேரமும் சட்ட ஆலோசனை தந்தவரின் ஒரு மணி நேரமும் ஒரே மதிப்புடையவையாகவே வரவு வைக்கப்படுகின்றன. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வருகிறேன் என்று சொன்ன நாளில் மட்டும் தவறாமல் போய்விடுங்கள், ஏனெனில் அவர் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.