நடக்கும்போது வீசாத கை

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் அப்பாவுக்கு 66 வயது. ஓராண்டுக்கும் மேலாக எதைச் செய்தாலும் மிக மெதுவாகவே செய்கிறார். சட்டைக்குப் பொத்தான் போடவே பத்து நிமிடம் ஆகிறது. நடக்கும்போது இடது கை வீசுவதில்லை, முகத்தில் உணர்ச்சி தெரிவதில்லை, கையெழுத்தும் சிறுத்துவிட்டது. ஆனால் நடுக்கம் கொஞ்சமும் இல்லை. தலைச்சுற்றலுக்காக இரண்டு ஆண்டுகளாகச் சின்னரிசின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். நானோ சோம்பல் என்று எண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். இது நோயாக இருக்குமா?
– ஒரு வாசகி

பதில்: அப்பாவை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் விரைவில் அழைத்துச் செல்லுங்கள். வயதின் தளர்ச்சி பொதுவாக உடலின் இரு பக்கங்களிலும் ஒன்றுபோல் தெரியும்; ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது.

பக்கவாதத்தில் தசையின் வலிமை குறைகிறது. உங்கள் அப்பாவிடம் நீங்கள் காண்பது வேறு வகையாகத் தோன்றுகிறது: வலிமை இருந்தும் அசைவு சுருங்கி, மெதுவாகி, தானாகத் தொடங்க மறுக்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்பணுத் திரள்கள், டோபமின் என்னும் வேதிப்பொருளின் துணையோடு, நாம் நினைக்காமலே நடக்கும் அசைவுகளை நடத்திவைக்கின்றன. டோபமின் குறையும்போது கண் சிமிட்டுதல், கை வீசுதல், முகபாவம், எச்சில் விழுங்குதல் போன்றவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. "கையை வீசி நடங்கள் அப்பா" என்று சொன்னால் சில அடிகள் வீசி நடப்பார். பேச்சுக் கொடுத்ததும் கை மறுபடி நின்றுவிடும். சொன்னால் செய்கிறார், சொல்லாவிட்டால் செய்வதில்லை என்பதால்தான் குடும்பத்தினர் இதைச் சோம்பல் என்று தவறாக எண்ணுகிறார்கள். அவர் வேண்டுமென்றே செய்வதாக இருந்தால் கையெழுத்து வரி முடிய முடியச் சிறுத்துக்கொண்டே போகாது.

இப்படி டோபமின் குறைவதால் வரும் நோய்களில் முக்கியமானது பார்க்கின்சன் நோய். நடுக்கம் இல்லை என்பதால் அது இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு இந்நோயை விவரித்தபோது நடுக்கத்தை வைத்தே அதற்குப் பெயரிட்டார். தமிழிலும் நடுக்குவாதம் என்கிறோம். அந்தப் பெயராலேயே நடுக்கமில்லாத பலர் காலந்தாழ்ந்து மருத்துவரிடம் வருகிறார்கள் என்பது என் எண்ணம். இன்றைய மருத்துவ வரையறையில் அசைவின் மந்தம்தான் கட்டாயம். அதனுடன் ஓய்வுநிலை நடுக்கமோ தசை விறைப்போ, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்துமுறை வேகமாகத் தட்டச் சொல்லி, விரல்களின் இடைவெளி படிப்படியாகக் குறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். நோயை அறிய இத்தகைய நேரடிப் பரிசோதனையே முதன்மையானது; ஸ்கேன் பெரும்பாலும் பிற காரணங்களை விலக்கவே உதவுகிறது.

அந்தச் சின்னரிசின் மாத்திரையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஆகியவை டோபமினின் வேலையைத் தடுத்து, பார்க்கின்சன் நோயைப் போலவே அசைவைக் குறைக்கக்கூடியவை. மருந்தால் வருவது பெரும்பாலும் இரு பக்கமும் தெரியும் என்றாலும் அது உறுதியான விதி அல்ல. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு உள்ளே மறைந்திருந்த நோயே அதனால் வெளித்தெரிந்திருக்கும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, மூளையில் ஏற்பட்ட சிறு அடைப்புகள் ஆகியவையும் உடலை மந்தமாக்கலாம். மருத்துவர் இவற்றையும் பார்ப்பார். பார்க்கின்சன் நோய்தான் என்று உறுதியானால், 1960களின் பிற்பகுதியிலிருந்து பயன்பாட்டில் உள்ள லெவோடோபா மருந்து, நோயை முழுதும் குணப்படுத்தாவிட்டாலும், அசைவை நன்றாகவே மீட்டுத் தரும். முறையான உடற்பயிற்சியும் அதற்கு இணையாகத் தேவை.

கடிந்துகொண்டதை எண்ணி வருந்துகிறீர்கள். தெரியாமல் செய்தது அது. இனி அவசரப்படுத்தாதீர்கள், ஏனெனில் பதற்றம் அசைவை மேலும் தடுக்கும். மருத்துவரிடம் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சில ஆண்டுகளுக்கு முன் அவர் போட்ட கையொப்பம் ஒன்றையும், இப்போது போட்ட ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.