ரிட்வேலனுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

வணக்கம்.

மொழிவழிக் கல்வி பற்றிய உங்கள் கட்டுரையில், பிரிட்டனிலுள்ள வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் ஆங்கிலமே மேலோங்கிய நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றில், அந்நாட்டின் சொந்த மொழியான வெல்ஷ் வழியில் பாடம் நடத்தும் உயர்நிலைப்பள்ளி 1962இல் தொடங்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அரசு ஆணை போட்டுத் திறந்ததா? பேசுவோர் குறைந்த இடத்தில் பிள்ளைகள் எப்படிச் சேர்ந்தார்கள்? கணக்கையும் இயற்பியலையும் எந்த மொழியில் நடத்தினார்கள்? விரித்து எழுத முடியுமா?

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

ஆணை எதுவும் இல்லை. நீங்கள் கேட்கும் பள்ளி பொன்டிப்ரித் ஊருக்கு அருகே இருந்த ரிட்வேலன். அது மேலிருந்து இறங்கியதல்ல, கீழே இருந்த தொடக்கப்பள்ளிகள் முட்டி மேலே தள்ளியது.

முன்கதை கொஞ்சம் தேவை. வேல்ஸில் பொதுப்பணத்தில் இடைநிலைக் கல்வி 1889ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்குகிறது. மாவட்டங்கள் சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரி போட்டுக்கொள்ளலாம். வசூலான தொகைக்கு ஈடாகக் கருவூலமும் பணம் போடும். இந்த ஏற்பாட்டில் முதல் பள்ளி 1894இல் கைனார்வனில் திறந்தது. இங்கிலாந்தில் இப்படியொரு ஏற்பாடு வர 1902 ஆயிற்று. ஆனால் இந்தக் 'கவுன்டி' (மாவட்ட) பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். வீட்டிலும் தெருவிலும் வெல்ஷ் பேசிய கைனார்வன் பிள்ளையும் வரலாற்றை ஆங்கிலத்தில்தான் படித்தது. வெல்ஷ் இருந்தால் ஒரு பாடமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாற்றம் ஒரு குடும்பத்தில் தெரிகிறது. ஓ. எம். எட்வர்ட்ஸ் சிறுவனாக லனுக்லின் கிராமப் பள்ளியில் வெல்ஷ் பேசியதற்காகக் கழுத்தில் மரத்துண்டு மாட்டப்பட்டவர். (அந்த ஊர்ப்பெயரிலுள்ள இரட்டை எல் ஒலியைத் தமிழில் எழுத வழியில்லை. நம் ழகரத்தை வைத்து மற்றவர்களைப் பாடாய்ப் படுத்துகிறோமே, அதற்குப் பதிலடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அவரே 1907இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரானார். அவருடைய மகன் இவான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ் 1939இல் அபெரிஸ்ட்வித்தில் 7 பிள்ளைகளோடு ஒரு தனியார் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளியைத் தொடங்கினார். போருக்குப் பயந்து லிவர்பூலிலிருந்து அனுப்பப்பட்ட ஆங்கிலப் பிள்ளைகள் உள்ளூர் வகுப்புகளை நிறைத்துவிடுவார்கள் என்ற கவலைதான் உடனடிக் காரணம். அடுத்த படி தெற்கே லனெல்லி ஊர். 1947 மார்ச் 1, புனித டேவிட் நாளில், உள்ளாட்சியே நடத்தும் முதல் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி அங்கே திறந்தது. பெற்றோருக்குப் பிடிமானமாக இருந்தது 1944 கல்விச் சட்டத்தின் 76ஆம் பிரிவு. பிள்ளைகளைப் பெற்றோர் விருப்பப்படி படிக்கவைக்க வேண்டும், படிப்பின் தரம் கெடாமலும் பொதுப்பணம் அளவுமீறிச் செலவாகாமலும் இருந்தால் போதும் என்றது அது.

அந்த 'அளவுமீறி' என்ற சொல்லில்தான் சிக்கல். எத்தனை பேர் கேட்டால் நியாயமான செலவு? தொடக்கப்பள்ளிக்கு ஒரு அறையும் ஒரு ஆசிரியரும் போதும், 15 பிள்ளைகளோடு ஓட்டிவிடலாம். உயர்நிலைப்பள்ளிக்கு முடியாது. 11 வயதில் சேரும் வகுப்புக்கே கணக்கு, அறிவியல், வரலாறு, இசை, உடற்பயிற்சி என்று தனித்தனி ஆசிரியர் வேண்டும். ஒரு தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பில் 12 பேர் என்று வைத்துக்கொண்டால், 80 பேர் சேர 7 தொடக்கப்பள்ளிகள் வேண்டும். அவை ஒரே ஊரில் இருக்காது. ஆகவே வெல்ஷ் வழி உயர்நிலைப்பள்ளியின் முதல் தேவை கட்டடம் அல்ல, பேருந்து.

முதலில் இந்தக் கணக்கு கூடிவந்த இடம் வடகிழக்கில் பிளின்ட்ஷயர் மாவட்டம். அங்கே கல்வி இயக்குநர் ஹைடன் வில்லியம்ஸ் முன்நின்று, ரில் என்ற கடற்கரை ஊரில் 1956இல் கிளான் கிளூயிட் பள்ளியை 94 மாணவர்களோடு திறந்தார். வெல்ஷ் கோட்டை என்று யாரும் சொல்லாத ஊர் அது. 1961இல் அதே மாவட்டத்தில் மோல்ட் ஊரில் மயிஸ் கார்மன். தெற்கில் முதலாவது, 1962இல் சுமார் 80 பேரோடு, தலைமையாசிரியர் க்விலிம் ஹம்ப்ரீஸ் பொறுப்பில் ரிட்வேலன்.

இனி பாடமொழி. 'வெல்ஷ் வழி' என்று இன்று சொல்கிறோம். அன்று இவற்றை 'இருமொழிப் பள்ளி' என்றார்கள். அது வெறும் நயமான பெயரல்ல. தொடக்க ஆண்டுகளில் வரலாறு, புவியியல், சமயம் வெல்ஷில் நடந்தன. கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆசிரியர்களே பல்கலைக்கழகத்தில் இயற்பியலை ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள், பாடநூலும் இல்லை. பிறகு படிப்படியாகத்தான் அந்தப் பாடங்கள் வெல்ஷுக்கு வந்தன. வேல்ஸ் பல்கலைக்கழக அச்சகத்தின் கலைச்சொல் அகராதி 1973இல் வந்தது.

கலைச்சொல் வேலையில் புதுச்சொல் படைப்பது பாதிதான். இருக்கும் சொல்லைக் கட்டிப்போடுவது மறுபாதி. பேச்சில் 'பியான்', 'கவ்லிம்' இரண்டுக்கும் விரைவு என்றே பொருள். இயற்பியலில் முதல் சொல்லிலிருந்து வந்த 'பியானெத்' வேகத்துக்கு, இரண்டாவதிலிருந்து வந்த 'கவ்லிம்டெர்' திசைவேகத்துக்கு என்று ஒதுக்கினார்கள். இரண்டு ஆசிரியர்கள் மாற்றிச் சொன்னால் தேர்வில் பிள்ளை தோற்கும். விசைக்குச் சொல் 'க்ரிம்', ஆனால் சமன்பாட்டில் எழுத்து ஆங்கில எஃப்தான். நம் பாடநூலிலும் அப்படித்தானே.

எண்கள் இன்னும் சுவை. மரபு வெல்ஷில் 97 என்றால் 'பதினைந்தின் மேல் இரண்டு, அதோடு நான்கு இருபது'. கடிகாரத்துக்கும் வயதுக்கும் இந்தப் பழைய முறையின் சொற்கள் இன்னும் புழங்குகின்றன. கணக்கு வகுப்பில் 'நௌ டேக் சைத்': ஒன்பது பத்து ஏழு. இடமதிப்பு சொல்லிலேயே தெரிகிறது. நம் 'தொண்ணூற்றேழு' இந்த விஷயத்தில் பழைய வெல்ஷ் பக்கம்தான் நிற்கிறது.

வெல்ஷ் பேசாத வீட்டுப் பிள்ளைகள்தான் தெற்கில் போகப்போகப் பெரும்பான்மையானார்கள். அவர்கள் மூன்று நான்கு வயதில் முழுக்க வெல்ஷில் மூழ்கி, ஏறக்குறைய 7 வயதில் ஆங்கிலத்தை முறையான பாடமாகத் தொடங்கி, 16 வயதில் ஆங்கிலத் தேர்வை மற்ற பள்ளிப் பிள்ளைகளைப் போலவே எழுதுகிறார்கள். பெற்றோரின் பயத்தைத் தணித்தது எந்தப் பிரச்சாரமும் அல்ல, இந்தத் தேர்வு முடிவுதான் என்பது என் எண்ணம்.

ரிட்வேலன் நிரம்பியதும் அதன் எல்லையை வெட்டி வெட்டிப் புதுப் பள்ளிகள் வந்தன: 1974இல் லன்ஹாரி, 1978இல் கார்டிஃபில் கிளான்டாவ், 1981இல் கும் ரம்னி, 1988இல் ரோந்தாவில் கமெர். புதுப் பள்ளி பக்கத்தில் வந்தால் பேருந்து நேரம் குறையும், அதுவரை தயங்கிய பெற்றோரும் சேர்ப்பார்கள். 'தேவை இருக்கிறதா என்று முதலில் கணக்கெடுப்போம்' என்று உள்ளாட்சி மன்றங்கள் சொல்வது இங்கேதான் பிசகுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இடமே இல்லாதபோது, வேண்டுமென்று யார் படிவத்தில் எழுதுவார்கள்?

ஓட்டைகளும் உண்டு. வகுப்பில் வெல்ஷ், நடைக்கூடத்தில் ஆங்கிலம் என்பது ஆசிரியர்களின் தீராத புலம்பல். அதைவிடப் பெரியது 11 வயது ஓட்டை. வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளை, தூரம் காரணமாகவோ நண்பன் போகிறான் என்றோ ஆங்கில உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விடும். ஏழாண்டு உழைப்பு அந்தக் கோடை விடுமுறையில் போய்விடுகிறது. அதை அடைக்கும் ஒரு வழி, பள்ளி மாறும் அந்த நாளையே இல்லாமலாக்குவது. ரிட்வேலன் 2006இல் சர்ச் வில்லேஜ் என்ற ஊருக்கு இடம்மாறி கார்த் ஓலூக் என்று பெயர் பெற்றது. இப்போது அங்கே 3 வயது முதல் 19 வயது வரை ஒரே பள்ளி.