த்ரில்லர் எடுக்கிறவர்கள் கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு தடவை நிற்கணும்

'சஸ்பென்ஸ் த்ரில்லர் நம்புகிற மாதிரியும் இருக்கணும், பதறவும் வைக்கணும் என்றால் என்ன வேண்டும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வடசென்னை தண்டையார்பேட்டைக்காரன். என் கணக்கில், முதலில் கதை நடக்கிற ஊரைத் தப்பாகக் காட்டி ஏமாற்றக் கூடாது.

எங்க ஏரியா அகஸ்தியா தியேட்டரில் (2020-ல் மூடிவிட்டார்கள், அந்த வயிற்றெரிச்சல் தனி) ஒரு படம் பார்த்தேன். பேர் வேண்டாம். வடசென்னை காசிமேட்டில் ஹீரோவைத் துரத்துகிறார்கள். ஒரு சந்துக்குள் நுழைகிறான், வெளியே வந்தால் தென்சென்னை பெசன்ட் நகர் பீச்! முன் வரிசையில் ஒருத்தர், "இன்னா நைனா, எந்த பஸ்ஸு ஏறுன?" என்றார். தியேட்டரே சிரித்தது. அப்புறம் ஹீரோ நெத்தியில் துப்பாக்கியை வைத்தபோதும் ஒருத்தரும் பதறவில்லை.

அதே துரத்தலைக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வைத்துப் பாருங்கள். ஆட்டோவில் கத்திக்குத்து வாங்கிய தம்பி, பக்கத்தில் அண்ணன், போக வேண்டியது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கேட் விழுகிறது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து வருகிறது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பத்து வண்டி பின்னாடி, குத்தினவனும் பைக்கில் நிற்கிறான். அது நமக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. பைக் இண்டு இடுக்கில் நுழைந்து முன்னால் வரும். ஆட்டோ அசைய முடியாது. இதற்குப் பின்னணி இசையே தேவையில்லை, ஹாரன் சத்தம் போதும். மேஜைக்கடியில் குண்டு இருப்பது பார்க்கிறவனுக்குத் தெரிந்தால் 15 நிமிஷம் சஸ்பென்ஸ், தெரியாமல் வெடித்தால் 15 செகண்ட் அதிர்ச்சி என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சஸ்பென்ஸ் பட மன்னன் ஹிட்ச்காக் சொன்னாரே, அதுதான். குண்டுக்குப் பதில் எங்களுக்கு கேட்.

அடுத்தது, "போலீசுக்கு போன் போட வேண்டியதுதானே?" பார்க்கிறவன் இதைக் கேட்பதற்குள் படம் பதில் வைத்திருக்கணும். 'சிக்னல் இல்லை' என்பதெல்லாம் சோம்பேறித்தனம், கொருக்குப்பேட்டையில் எங்கே நின்றாலும் டவர் கிடைக்கும். அண்ணன் மேலேயே பழைய கேஸ் ஒன்று இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் பேசினால் முதலில் அவனைத்தான் உட்கார வைப்பார்கள் என்று முன்னாடியே காட்டிவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

திருப்பம் எல்லாம் எனக்கு அப்புறம்தான். 1954-ல் வீணை எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டு கூட கிடையாது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் மெட்ராஸில் குண்டு போட்ட நேரத்தில் நடக்கிற கொலைக் கதை. அந்தப் பயத்தைப் பட்டவர்களே பதினோரு வருஷம் கழித்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். எங்க ஆயா மண்ணடியில் வளர்ந்தவர், சின்ன வயசில், ஜப்பான்காரன் வருவான் என்ற பயத்தில் மெட்ராஸே காலியான 1942 எவாகுவேஷனில், மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்த் திரும்பினவர். டிவியில் அந்தப் படம் வந்தால், கொலை பண்ணினது யார் என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். ஆயாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "குண்டு போட்டாம்பாரு, அன்னிக்கி எங்க தெருவுல ஒரு வெளக்கு எரியலடா" என்பார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.