அடி விழுந்தால்தான் வன்முறையா? கேள்வி பதில்

டெல்டா பெண்கள் கேட்டவை இவை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். உங்கள் செல்லை வீட்டில் வேறு யாராவது பார்ப்பார்கள் என்றால், படித்ததும் தடம் இல்லாமல் அழித்துவிடுங்கள்.

பாபநாசம் பக்கம்: அக்கா, அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனால் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் ஏடிஎம் கார்டு அவரிடம். நடவுக் கூலியும் அவர் கைக்குத்தான். சம்பா செலவுக்கு என் நகையை அடகு வைத்துவிட்டார். அம்மாவிடம் பேசினால் செல்லைப் பிடுங்குகிறார். இது வன்முறையா?

ஆமாம்மா. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடம்பில் படும் அடியோடு நிற்கவில்லை. பாலியல் கொடுமை, வாயால் குதறுவது, பணத்தை முடக்குவது எல்லாம் அதில் உண்டு. சீதன நகையை உங்களைக் கேட்காமல் கைமாற்றுவதும் அதில் அடங்கும்.

சாகுபடிக்கு நகையை வைப்பது நம்ம பக்கம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் பார்ப்பது வேறு: "மாட்டேன்" என்று உங்களால் சொல்லியிருக்க முடியுமா? சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்ததும் வயிறு கலங்குகிறதா? கலங்கினால், அது குடும்பச் செலவு விவகாரம் இல்லை. அடகுச் சீட்டு கண்ணில் பட்டால் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் செல்லில் அழித்துவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டி: கோபத்தில் கழுத்தை நெரித்தார். காயம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்டார்.

தங்கச்சி, இதை மட்டும் தள்ளிப்போடாதே. கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை உயிரையே எடுக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். வெளியே தடம் இல்லாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளி, தலைசுற்றல் இதில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதே. நடந்ததை அப்படியே சொல், விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும். பின்னால் நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

மன்னார்குடி: வீடு அவர் பெயரில். வெளியே போனால் திரும்ப நுழைய முடியுமா? வக்கீலுக்குப் பணமும் இல்லை.

வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நீதிமன்றத்தில் மனு போட அவரே உதவுவார். அம்மா வீடு மயிலாடுதுறையில் என்றால் அங்கேயே மனு போடலாம். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால் வழக்கு முடியும்வரைக்கான இடைக்கால உத்தரவை முதல் மனுவோடேயே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம், சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள்.

ஒன்று முக்கியம்: கிளம்பப் போவதைச் சண்டையில் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். பிரியும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். முன்னதாகப் பெண்கள் உதவி எண் 181இல் பேசுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் சில நாள் தங்கவும் வழி உண்டு.

நாகப்பட்டினம்: மகளிர் காவல் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள்.

சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. விருப்பமில்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

திருவாரூர்: வீட்டுக்காரர் சிங்கப்பூரில். கை நீட்டுவது கொழுந்தனும் மாமியாரும்.

அவர்கள் மேலும் இதே சட்டத்தில் மனு போடலாம்.

கும்பகோணம்: பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை. தலையிடலாமா?

தலையிடுங்கள், ஆனால் அவன் எதிரே விசாரிக்காதீர்கள். பிறகு அடி அவளுக்குத்தான். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தனியாகக் கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "அனுசரிச்சுப் போ" மட்டும் வேண்டாம். அவள் திரும்பிப் போனாலும் கோபிக்காதீர்கள், பலர் பல முறை திரும்பிப் போகிறார்கள். நல்லெண்ணத்தில் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்பவர் மேல் வழக்கு வராது. அலறல் கேட்கும் நேரத்தில் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.