பழைய வீட்ல ராத்திரி தனியா முழிச்சுக் கிடந்தா பயமா இருக்காதா?

இருக்கும், எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியிற வரைக்கும்.

எங்க அப்பத்தா வீடு ராமேஸ்வரத்துக்கு முன்னாடி இருக்குற மண்டபம் ஊர் பக்கம், தெக்குக் கடல் கரை. நாட்டு ஓடு, பனஞ்சட்டம், நடுவுல முற்றம். அங்க போனாலே எனக்கு நடுராத்திரில முழிப்பு தட்டிரும், அப்புறம் தூக்கம் வராது. அமைதியான வீடுன்னு பகல்ல வந்துட்டுப் போறவங்கதான் சொல்லுவாங்க. பகல் பூரா வெயில்ல காஞ்ச ஓடும் சட்டமும் ராத்திரி ஆற ஆற சுருங்கும்ல, சடக் சடக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், மச்சுல யாரோ நடக்குற மாதிரியே. பகல்ல கேக்காத கடல் ராத்திரி மட்டும் திண்ணை வரைக்கும் வந்து இரையும். அதுக்கும் காரணம் இருக்கு, தரை குளுந்து கீழ இருக்குற காத்தும் குளுந்துட்டா சத்தம் மேல போகாம தரையப் பாத்து வளையும், அதனால ரொம்ப தூரம் கேக்கும். கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, சீசன்னா சொல்லவே வேணாம். வடக்க பாக் ஜலசந்திப் பக்கம் அப்ப குளம் மாதிரி கிடக்கும், சும்மாவா அத பெண் கடல்ன்னும் எங்க பக்கத்த ஆண் கடல்ன்னும் சொல்றாங்க.

எனக்கு உண்மையிலேயே உதறல் எடுத்தது வாசத்துக்குத்தான். ரெண்டு மணிக்கு பாஸ்மதி அரிசி வேகுற வாசம், அடுப்படி இருட்டா கிடக்கு. அப்பத்தா கண்ணக்கூட திறக்காம "மரநாய்டா, ஓட்டு மேல போகுது, பேசாம படு"ன்னுச்சு. அது உடம்புலேருந்து வர்ற வாசமே அப்படித்தானாம்.

அதே அப்பத்தா ஐப்பசி கார்த்திகைல வாடைக் காத்து ஊளையிட ஆரம்பிச்சா எழுந்து உக்காந்துரும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்லதான் தனுஷ்கோடியே போச்சு, பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் ரயிலயும் அலை அடிச்சுட்டுப் போயிருச்சு. அந்த வயசு ஆளுங்களுக்கு பேய் பிசாசுக்கெல்லாம் பயம் கிடையாது, காத்துக்குத்தான். அது நியாயமான பயம்னுதான் நானும் சொல்லுவேன்.

மத்தபடி முழிப்பு வந்தா போன எடுக்காதீங்க, இருட்டுலயே காதக் குடுத்துக் கிடங்க, விடியக்காலம் மீன்பிடிப் படகு எஞ்சின் சத்தம் கேக்குறதுக்குள்ள தூங்கிருவீங்க. ஏப்ரல் 15லேருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல மட்டும் விசைப்படகு போகாது, அந்த எஞ்சின் சத்தமும் இருக்காது.

ஆனா அந்த மரநாய் ஓட்ட நகட்டி விட்டு மழைக்கு ஒழுகுது. வனவிலங்குச் சட்டப்படி அத அடிக்கவும் முடியாது, யாருக்காச்சும் வழி தெரிஞ்சா சொல்லுங்க.