வேப்பங்கொட்டைய ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன ஆடியில கோயில் வேப்பமரத்தடியில கொட்டிக்கிடந்த பழத்தையெல்லாம் பொறுக்கி, கழுவி, கெட்டுப்போகக்கூடாதுன்னு கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். சித்திரையில எடுத்து கருப்பு பாலித்தீன் பையில மண்ணு நிரப்பி ஊன்றி, மொட்டை மாடியில வச்சு தினமும் தண்ணி விட்டேன். ஒண்ணுகூட முளைக்கல. விதை கோளாறா, மண்ணு கோளாறா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, ரெண்டுமே இல்லீங்க, வெப்பநிலைதான் கோளாறு. அதுவும் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை, முதல்ல குளிர்ல, அப்புறம் வெயில்ல.

நெல்லு, கம்பு, சோளம் மாதிரி நல்லா காயவச்சு குளிர்ல வச்சா வருஷக்கணக்கா உயிரோட இருக்கிற விதைங்க ஒரு ரகம். பலா, நாவல், இலுப்பை எல்லாம் அப்படி இல்ல, காஞ்சாலும் செத்துரும், குளிர்ந்தாலும் செத்துரும். வேம்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, ஓரளவு காஞ்சாலும் தாங்கும், ஆனா ஈரம் இருக்கும்போது குளிர்ல வச்சா உள்ள இருக்கிற செல்லோட சவ்வு கெட்டுப்போயிரும், வெளிய பாக்க ஓடு அழகா அப்படியேதான் இருக்கும். சாதாரணமா வெளிய வச்சாலே ரெண்டு மூணு வாரத்துல முளைப்புத்திறன் சரசரன்னு இறங்கிரும், நீங்க ஆடியில இருந்து சித்திரை வரைக்கும் வச்சிருக்கீங்க.

மிச்ச விதை இருந்தா ஒண்ண எடுத்து ஓட்ட உடைச்சு, பருப்ப பிளந்து பாருங்க. உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பாவோ மஞ்சளாவோ இருந்தா போச்சு. விதை வாங்குறவங்களும் இதைச் செஞ்சு பாத்துட்டு காசு குடுங்க, காசும் மிச்சம், ஒரு சீசனும் மிச்சம்.

ரெண்டாவது, மொட்டை மாடி. வெதர் ரிப்போர்ட்ல 39 டிகிரின்னு சொல்றது நிழல்ல இருக்கிற காத்தோட சூடு, சித்திரை மதியம் வெயில்ல கிடக்கிற கருப்பு பைக்குள்ள மண்ணு 45-ஐ தாண்டிரும், கைய விட்டுப் பாத்தாலே தெரியும். நம்ம ஊர் மர விதைங்க பெரும்பாலும் முளைக்கிறது 25-ல இருந்து 30, 35 டிகிரிக்குள்ளதான். அந்த அளவுக்குள்ள சூடு கூடக்கூட விதைக்குள்ள நொதிங்க (என்சைம்) வேகமா வேலை செய்யும், சீக்கிரம் முளைக்கும், தாண்டிட்டா அந்த நொதிங்களே கெட ஆரம்பிச்சிரும். அதனால உயிரோட இருந்த விதையா இருந்தாலும் அந்தப் பையில பொழைச்சிருக்கிறது கஷ்டம்.

வர்ற ஆனி ஆடியில இப்படிப் பண்ணுங்க. பச்சை மஞ்சளா மாறுற பதத்துல பழத்த எடுத்து, அன்னைக்கே தண்ணியில போட்டு பிசைஞ்சு தோலு சதையெல்லாம் போக கழுவி, நிழல்ல ரெண்டு மூணு நாள் உலத்தி, அந்த வாரமே ஊன்றிருங்க. விதைய படுக்க வச்சு மேல லேசா மண்ணு மூடினா போதும், பைங்கள மர நிழல்லயோ பச்சை நெட் அடியிலயோ வைங்க. ஒண்ணுல இருந்து மூணு வாரத்துக்குள்ள முளை வந்துரும். வேம்பு பழுக்கிற நேரமே அதோட விதைப்பு நேரம், அதைத் தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: வீடியோ ஒண்ணுல எல்லா மர விதையையும் வெந்நீர்ல போடச் சொல்றாங்க. சரக்கொன்றை நல்லா வந்துச்சு, புங்கனும் வேம்பும் வெந்தே போச்சு. ஏன்?
- வாசகர், போடி

பதில்: எல்லா விதையும்னு சொன்னது ரொம்ப தப்பு, விதை நாசமாப்போறதப் பாத்தா மனசு வலிக்குது. வெந்நீர் வைத்தியம் வாகை, சரக்கொன்றை, வேலம், சுபாபுல் மாதிரி தோல் கெட்டியா, தண்ணி இறங்காத விதைக்கு மட்டும்தான். அந்தத் தோல்ல ஒரு சின்ன இடத்துல மட்டும் அடைப்பு மாதிரி இருக்கும், சூடு பட்டா அது விட்டுக்கொடுக்கும், அந்த வழியாத்தான் தண்ணி உள்ள போகும். காட்டுத்தீயும் கோடை வெயிலும் காட்டுல செய்யிற வேலைய நாம சட்டியில செய்யிறோம், அவ்வளவுதான்.

கொதிச்ச தண்ணிய அடுப்புல இருந்து இறக்கி வச்சு, அதுல விதைய போட்டு, அப்படியே ஆற விட்டு ஒரு நாள் ஊறட்டும். அடுப்பு மேலயே வச்சு விதைய கொதிக்க விடக்கூடாது. மறுநாள் பாத்தா சிலது உப்பி பெருசாகியிருக்கும், அத உடனே விதைச்சிருங்க, உப்பாம கல்லு மாதிரி கிடக்கிறத மட்டும் தனியா எடுத்து திரும்ப ஒருக்கா செய்யலாம். புங்கனுக்கு பச்சைத்தண்ணியில ராத்திரி ஊறினாலே தாராளம்.

தேக்கு இதுல சேராது. அதுல தோல் பிரச்சனை இல்ல, கொட்டையே கட்டை மாதிரி இருக்கும். ராத்திரி தண்ணியில, பகல்ல நல்ல வெயில்ல காயவைக்கிறதுன்னு மாத்தி மாத்தி ஒரு வாரம் பத்து நாள் செய்வாங்க. தேக்குப் பாத்தி மட்டும் நிழல்ல போடாதீங்க, அதுக்கு சூடு வேணும், அப்படியும் ஒரே நேரத்துல முளைக்காது, முன்ன பின்னதான் வரும்.

கேள்வி: ஆப்பிள் விதைய ஃப்ரிட்ஜ்ல வச்சாத்தான் முளைக்கும்னு சொல்றாங்களே, நெஜமா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: நெஜம்தான். ஆப்பிளோட பூர்வீகம் கஜகஸ்தான் பக்கத்து தியான்ஷான் மலை. அங்க இலையுதிர் காலத்துல விழுற விதை உடனே முளைச்சா பனியில செத்துரும், அதனால குளிர்காலம் முழுசா கழிஞ்சதுக்கு அப்புறம்தான் முளைக்கிற மாதிரி உள்ளயே ஒரு பூட்டு இருக்கு. ஈர மணல்லயோ ஈர டிஷ்யூ பேப்பர்லயோ வச்சு, 4, 5 டிகிரியில ரெண்டு மூணு மாசம் ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வைங்க, ஃப்ரீஸர்ல வேண்டாம். ஈரம் காயாம இருக்கணும், காஞ்ச விதைய எத்தனை மாசம் வச்சாலும் பூட்டு திறக்காது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, விதையில வர்ற மரம் தாய் மரம் மாதிரி காய்க்காது, நல்ல பழம் வேணும்னா அந்தச் செடிய அடியில வேர்ச்செடியா வச்சு, நல்ல ரகத்தோட கிளைய அது மேல ஒட்டுக்கட்டணும்.