‘எல்லாம் சௌகரியம்தான்’ என்ற பதிலுக்குப் பிறகு

கேள்வி: சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம், குடிசையிலிருந்து எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) கட்டடங்களுக்கு மாறிய நம் தமிழ்ப் பெண்களைப் பேட்டி கண்டு ஆய்வேடு எழுதுகிறேன். எதைக் கேட்டாலும் “எல்லாம் சௌகரியம்தாம்மா” என்று முடித்துவிடுகிறார்கள். மனத்தில் இருப்பதை எப்படிப் பேச வைப்பது?
– வாசகி, தாராவி

பதில்: அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். “புது வீடு பிடித்திருக்கிறதா?” என்று தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து ஒரு பெண் கேட்கும்போது, அந்தத் தாள் அரசாங்கத்துக்குப் போகுமோ கட்டடச் சங்கத்துக்குப் போகுமோ என்று தெரியாதவர், சௌகரியம் என்றுதான் சொல்வார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிடித்திருக்கிறதா என்று இதுவரை தம்மையே அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கேட்டுக்கொள்ளாத ஒன்றுக்குக் கையில் விடை இருக்காது.

ஆகவே கருத்தைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஏழாவது மாடிக்குக் குடிவந்திருந்த திருநெல்வேலிப் பாட்டி ஒருவரிடம் அரை மணி நேரம் பேசியும் எனக்கும் உங்களுக்குக் கிடைத்த அதே பதில்தான் கிடைத்தது. எழுந்திருக்கும் நேரத்தில், பரணில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் குடம் கண்ணில் பட்டது. கழுத்தில் அவருடைய பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தன. “இது ஊரிலிருந்து வந்ததா, பாட்டி?” என்று மட்டும் கேட்டேன். குடத்தை இறக்கச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். “நாலு மணிக்கு இத வரிசையில வச்சா, எந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தண்ணி வருமுன்ன தெரிஞ்சிரும். இப்பம் குழாய் வீட்டுக்குள்ளயே வந்துட்டு. எதிர்த்த கதவு திறந்து நான் பாத்ததேயில்ல” என்றார். பிறகு ஒன்றரை மணி நேரம் அவர்தான் பேசினார்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க ஆய்வாளர் ஜான் காலியர், புகைப்படங்களைக் காட்டிப் பேட்டி காண்பதையும் படமில்லாமல் காண்பதையும் ஒப்பிட்டு 1957-இல் எழுதினார்; படத்தை வைத்துக்கொண்டு பேசியவர்களிடமிருந்தே நீண்ட, செறிவான பதில்கள் வந்தன. 1990-களில் ஹார்வர்டு பேராசிரியர் ஜெரால்டு ஸால்ட்மன் இன்னும் ஒரு படி போய், பேட்டி கொடுப்பவர்களையே தம் உணர்வுக்குப் பொருத்தமான படங்களைத் தேடி எடுத்துவரச் சொன்னார். உங்கள் ஆய்வுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பழைய வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மெல்லப் பத்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் இரண்டாவது பதில் வருகிறது.

கேள்வி: நுகர்வோர் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நேரடியாகக் கேட்காமல் ‘இந்தப் பொருளை வாங்குபவர் எப்படிப்பட்டவர்?’ என்று மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்கச் சொல்கிறார்கள். இதை நம்பலாமா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: இதற்கு முன்னோடி 1950-இல் அமெரிக்க உளவியலாளர் மேசன் ஹேர் வெளியிட்ட ஆய்வு. உடனடிக் காப்பி ஏன் வேண்டாம் என்று கேட்டபோது அமெரிக்க இல்லத்தரசிகள் சுவை சரியில்லை என்றார்கள். ஹேர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். ஒன்றில் நெஸ்கஃபே, மற்றதில் சாதாரணக் காப்பித்தூள், மீதியெல்லாம் ஒன்றே. ஒருவருக்கு ஒரு பட்டியல் மட்டும் கொடுத்து, இதை எழுதிய பெண்ணை வருணிக்கச் சொன்னார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். டிகாக்‌ஷன் இறக்காத மருமகளைப் பற்றி மாட்டுங்கா வீடுகளில் முன்பு என்ன பேசினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

முறை நல்லதுதான், விடைக்குப் பொருள் சொல்வதில்தான் கவனம் வேண்டும். பிறரைப் பற்றிச் சொன்னதெல்லாம் தன்னைப் பற்றியதாகிவிடாது. ஊர் என்ன சொல்லும் என்று அவர் நினைப்பதாகவும் இருக்கலாம். ஊரும் மாறும். அதே பட்டியல் ஆய்வை மறுபடி செய்து 1970-இல் வெளியிட்டபோது பழைய முடிவு கிடைக்கவில்லை. ஆகவே கடைசியில் “நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?” என்று அவரிடமே சொல்லிப் பார்த்து, அவர் திருத்தினால் திருத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: பேட்டியின் நடுவில் ஒருவர் அழுதுவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, செம்பூர்

பதில்: ஒலிப்பதிவை நிறுத்துங்கள், நிறுத்தியதை அவர் கண்ணால் பார்க்கட்டும். ஆறுதல் சொல்ல அவசரப்படாமல் உடன் உட்கார்ந்திருங்கள். தொடரலாமா என்பதை அவர் சொல்லட்டும். அப்போது சொன்னவற்றைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அன்றைக்கே கேட்காமல், இரண்டு நாள் கழித்து எழுதிய பக்கத்தை எடுத்துப் போய் வாசித்துக் காட்டி அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால், எவ்வளவு அருமையான வரியானாலும் அடித்துவிடுங்கள்.